மிடில்டவுனில் ஒரு மிருதங்க ஆசிரியர்

டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். கேள்வி சின்னதுதான், பதில் கொஞ்சம் நீளம்.

கலைஞர், கல்லூரி, கலை அமைப்பு மூன்றும் சேர்ந்து தொடங்கும் முயற்சிகள் ஏன் இரண்டு வருடத்தைத் தாண்டுவதில்லை என்று கேட்டீர்கள். தாண்டியவை இருக்கின்றன. அறுபது வருடம் தாண்டிய ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். சென்னைக் குடும்பம் ஒன்றும் அமெரிக்காவின் சிறிய பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து செய்த காரியம் அது. அதற்கு முன் நம் கல்லூரிகளில் வழக்கமாக நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

பொங்கல் விழா வரும். ஒரு பறைக் குழுவையோ தெருக்கூத்துக் குழுவையோ அழைப்பார்கள். நாற்பது நிமிட நிகழ்ச்சி, ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, கவரில் பணம். நிகழ்ச்சி நன்றாக அமைந்துவிட்டால் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றும் போடுவார்கள்; தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது அது கோப்பில் இருக்கும். பிறகு கையெழுத்திட்ட முதல்வர் மாறுவார். முன்னின்று செய்த தமிழ்த்துறைப் பேராசிரியர் ஓய்வு பெறுவார். அடுத்த பொங்கலுக்கு அழைப்பு வருமா என்று கலைஞர் காத்திருப்பார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒருநாள் நிகழ்ச்சிக்குரிய ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பத்து வருட உறவை எதிர்பார்க்கிறோம். அது வளராமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். 1950களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாண்டில் ஹூட் என்ற பேராசிரியர் ஒரு விதியை வகுத்தார். வேறொரு நாட்டு இசையை ஆராய வேண்டுமானால் முதலில் அதை வாசிக்கவோ பாடவோ கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அதுவரை இசை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஒலிப்பதிவையும் குறிப்பேட்டையும் நம்பி எழுதியவர்கள். ஹூட் சொன்னதை ஏற்றுக்கொண்டால் உடனே ஒரு தேவை எழுகிறது: வாசிக்கக் கற்றுத்தர ஆள் வேண்டும். கலையைப் பற்றிப் புத்தகம் எழுதியவரால் அது முடியாது. கலைஞரே வந்து வகுப்பறையில் உட்கார வேண்டும். ஆகவே அவரை வரவழைத்தது கருணையோ மரபின் மீதான மதிப்போ மட்டும் இல்லை. அவர் வராவிட்டால் பாடமே நடக்காது என்ற நிலை இருந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நான் சொன்ன சென்னைக் குடும்பம் வீணை தனம்மாளுடையது. அவருடைய பேரப்பிள்ளைகளில் மூவர் இந்தக் கதைக்கு முக்கியம். மூத்தவர் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. அடுத்தவர் ரங்கநாதன், பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் பயின்றவர். இளையவர் விஸ்வநாதன், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழல் கற்றவர். 1958இல் விஸ்வநாதன் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று ஹூட்டின் துறைக்குப் போனார். அதே துறையின் மாணவர் ராபர்ட் பிரவுன் சென்னைக்கு வந்து ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். பிற்பாடு தன் முனைவர் பட்ட ஆய்வையும் மிருதங்கத்தைப் பற்றியே எழுதினார். ஒருவர் இங்கிருந்து அங்கே, மற்றவர் அங்கிருந்து இங்கே. நிறுவனங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே குருவும் சீடரும் பேசிவிட்டார்கள்.

பிரவுனுக்கு கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற ஊரில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. பெரிய நகரம் இல்லை, பெரிய பல்கலைக்கழகமும் இல்லை. 1962இல் பாலசரஸ்வதி அமெரிக்காவில் ஆடினார். ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் அவரைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். விழாவோடு நின்றிருந்தால் அது பத்திரிகைச் செய்தியாக முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு, 1963இல், ரங்கநாதன் வெஸ்லியனுக்கு ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். உறவு வேர் பிடித்தது அந்தப் பணி நியமனத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். மேடைக்கு வந்தவர் கைதட்டல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். வேலைக்கு வந்தவருக்கு அடுத்த வாரமும் வகுப்பு உண்டு. சென்ற வாரம் சொன்ன சொற்கட்டை மாணவன் ஒழுங்காகக் கொண்டுவந்தானா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. கலை கைமாறுவது இப்படித்தான். வேறு குறுக்கு வழி கிடையாது.

இதில் கலை அமைப்பின் பங்கு எங்கே என்பீர்கள். அதே 1963இல் சாமுவேல் ஸ்கிரிப்ஸ், லூயிஸ் ஸ்கிரிப்ஸ் தம்பதியர் ‘கீழ்த்திசைக் கலைகளுக்கான அமெரிக்கச் சங்கம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தால் செய்ய முடியாததை அது செய்தது. பல்கலைக்கழகத்துக்குக் கோடை விடுமுறை உண்டு. சங்கம் அந்தக் கோடையில்தான் கலிபோர்னியாவில் பள்ளி நடத்தியது. பல்கலைக்கழகம் ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் தரும்; நாட்டியத்துக்கு வேண்டிய முழுக் குழுவையும் கடல் கடந்து வரவழைக்க அதன் விதிகளில் இடம் இருக்காது. அந்த வேலையைச் சங்கம் எடுத்துக்கொண்டது. பாலசரஸ்வதி அதன் பின் இருபது ஆண்டுகளில் பல முறை போய், வெஸ்லியன், மில்ஸ் கல்லூரி, வாஷிங்டன் பல்கலைக்கழகம், கலிபோர்னியாக் கலைக் கழகம் என்று பல இடங்களில் தங்கிக் கற்பித்தார். மாதச் சம்பளம் ஒரு பக்கம், பருவத்துக்கான பயண ஏற்பாடு மறுபக்கம். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பியது.

பாலசரஸ்வதியின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த காலகட்டத்தில், மரபுவழி நாட்டியக் குடும்பத்துப் பெண்களுக்கு இங்கே மேடை சுருங்கிக்கொண்டிருந்தது. 1953இல் மியூசிக் அகாடமி அவருக்கென்று ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கியது. நல்ல காரியம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1973இல் சங்கீத கலாநிதி விருதும் அவருக்கு வந்தது. இருந்தாலும், எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்பதைப் பொருட்படுத்தாமல் என்ன தெரியும் என்று மட்டும் கேட்ட வகுப்பறைகள் அவருக்குக் கடல் கடந்தும் கிடைத்தன என்பது நாம் யோசிக்க வேண்டிய விஷயம். அவருடைய தம்பி விஸ்வநாதன் 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவராக இருந்தவர். பின்னாளில் அமெரிக்காவில் கற்பித்து, 1975இல் வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்று, 2002இல் இறக்கும் வரை அங்கேயே ஆசிரியராக இருந்தார்.

முதல் தலைமுறை மாணவர்களில் ஒருவர் ஜான் ஹிக்கின்ஸ். வெஸ்லியனில் மூன்று பட்டங்கள் பெற்றவர். இந்தியாவுக்கு வந்து கர்நாடக இசையைப் பாடக் கற்று, திருவையாறு ஆராதனையில் பாடி, ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று நம் ரசிகர்கள் வாயாலேயே பெயர் வாங்கினார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் பரதநாட்டியத்தின் இசை. 1971இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். உடன் நின்றவர் மிருதங்கக் கலைஞர் திருச்சி சங்கரன். சங்கரனும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். அங்கே அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தார். மிடில்டவுனில் நட்ட ஒரு வகுப்பு எட்டே வருடத்தில் வேறொரு நாட்டில் இன்னொரு துறையாக முளைத்தது.

பிறகு சோதனைக் காலம் வந்தது. 1984 பிப்ரவரியில் பாலசரஸ்வதி மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில், வெஸ்லியனுக்குத் திரும்பி அங்கே கலை மையத்தை நடத்திக்கொண்டிருந்த ஹிக்கின்ஸ் சாலை விபத்தில் இறந்தார், வயது 45. 1987 டிசம்பரில் ரங்கநாதன் போனார். நான்கு வருடத்துக்குள் மூன்று தூண்கள். நம் ஊரில் ஒரு பேராசிரியர் இடமாறினாலே நின்றுவிடுகிற காரியம் இது. அங்கே நிற்கவில்லை. ரங்கநாதனிடம் பயின்ற டேவிட் நெல்சன் மிருதங்க வகுப்பைத் தொடர்ந்தார். சொற்கட்டைப் படிப்படியாகக் கற்பிக்கும் கையேடு ஒன்றை 2008இல் வெளியிட்டார். விஸ்வநாதனுக்குப் பிறகு அவருடைய மாணவர் பாலசுப்ரமணியன் வாய்ப்பாட்டு ஆசிரியரானார். எழுபதுகளில் தொடங்கிய நவராத்திரி விழா ஊர் மக்களையும் வளாகத்துக்குள் அழைத்துவந்தது. நூலகத்தில் ஒலிப்பதிவுகள் சேர்ந்தன.

ஏன் நிற்கவில்லை? பாடம் பாடத்திட்டத்தில் இருந்தது. அதற்கு மதிப்பெண் இருந்தது, மாணவர் பெயர்ப் பட்டியல் இருந்தது, அறை இருந்தது. ஆசிரியர் இறந்தால் அந்த இடம் காலியாகும். காலி இடத்தை நிரப்புவது நிர்வாகத்தின் கடமையாகிவிடும். திட்டம் என்ற பெயரில் நடந்திருந்தால் அது முடிந்துபோயிருக்கும். பதவியாக இருந்ததால் நிரப்ப வேண்டியதாயிற்று. இன்னொரு காரணமும் உண்டு. நிரப்புவதற்கான ஆள் அந்த வகுப்பறைக்குள்ளேயே உருவாகியிருந்தார்.

இது பணக்கார நாட்டுக் கதை, நமக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானதுதான். இன்னொரு கதையைக் கேளுங்கள். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மரபு நாடகத்தை எடுத்து ‘மனமே’ செய்தார். தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம் கூத்திலும் அதைச் செய்ய முடியும் என்று இறங்கினார். அவர் கையில் இரண்டு கருவிகள் இருந்தன: ஒன்று பல்கலைக்கழகம், மற்றொன்று அவர் தலைமை தாங்கிய, இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு. மட்டக்களப்பு அண்ணாவிமாரின், அதாவது கூத்து ஆசிரியர்களின், துணையோடு மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் கர்ணன் போர், அடுத்த ஆண்டு நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலி வதை. நாடகக் குழுவின் வழியாகக் கிராமங்களில் கூத்துப் போட்டிகள் நடந்தன. அலங்கார ரூபன், மூவிராசர் போன்ற கூத்து நூல்கள் அச்சேறின. பெரும் பணம் இல்லாமல், பல்கலைக்கழகமும் அரசுக் கலை அமைப்பும் கிராமத்துக் கலைஞரும் ஒரே காரியத்தில் நின்ற பத்தாண்டுகள் அவை. இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பிற்பாடு பேராசிரியராகி, அதே இராவணேசனை நாற்பது வருடம் கழித்தும் புதிய மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார்.

ஆனால் ஒரு பாதி நிறைவேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடிய விடிய வட்டக்களரியில், நாலாபுறமும் சனம் சூழ ஆடிய கூத்து, ஒருபக்கம் பார்க்கும் படச்சட்ட மேடையில் ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது. மாணவர்கள் கற்றார்கள், ஆய்வுகள் வந்தன. அண்ணாவிமார் பழக்கிவிட்டு ஊர் திரும்பினார்கள். கலை ஊரிலிருந்து வளாகத்துக்குப் போன பாதை இருந்தது. திரும்பி வரும் பாதை அவ்வளவு அகலமாக இல்லை. இதைப் பின்னாளில் சரியாகப் பிடித்தவர் மட்டக்களப்பின் சி. ஜெயசங்கர். கிழக்கிலங்கையில் பல்கலைக்கழக ஆசிரியரான அவர் சீலாமுனைக் கிராமத்துக்கே போய், அண்ணாவிமாரும் ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடிப் பேசி, கூத்தின் பிரதியில் பெண் குறித்தும் சாதி குறித்தும் மாற்ற வேண்டியதை மாற்றி, அந்த ஊர்க் களரியிலேயே ஆடும்படி செய்தார். கூத்து மீளுருவாக்கம் என்று அதைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும் என்பேன். ஒன்று மட்டும் என்றால் சீலாமுனை வழியைத்தான் எடுத்துக்கொள்வேன்.

நம் பக்கத்தில் செய்யாறு வட்டாரத்துத் தெருக்கூத்துக் கிராமமான புரிசையைச் சொல்லலாம். 1977இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசை கண்ணப்ப தம்பிரான் அதன் நகரத்து நடிகர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார். அந்தக் கற்பித்தல் தலைமுறை தாண்டியது: 2016இல் பாரிஸின் தியேத்ர் து சொலேய் குழு ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்தைச் செய்தபோது, அதன் நடிகர்களுக்குத் தெருக்கூத்தைப் பழக்கியவர் கண்ணப்ப தம்பிரானின் மகன் சம்பந்தன். இங்கே அமைப்புக்கும் கலைஞருக்கும் உறவு நிலைத்தது. கல்லூரி என்ற மூன்றாவது கால் மட்டும் இல்லை. அதனால் அந்தக் குடும்பமும் அந்தக் குழுவும் தங்கள் தோளிலேயே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருந்தது. வெளிநிதி வரும், ஆனால் முடிவுத் தேதியோடு வரும்.

சரி, உங்கள் கல்லூரியில் என்ன செய்யலாம்?

முதல் தடை தகுதி. பத்தாவது தாண்டாத கூத்து வாத்தியார் உதவிப் பேராசிரியராக முடியாது. நெட் தேர்வோ முனைவர் பட்டமோ கேட்பார்கள். இதற்கு இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற நியமனத்துக்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. துறையில் 15 ஆண்டு அனுபவம் போதும், பட்டம் கட்டாயமில்லை. மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நியமிக்கலாம். தொழில்துறை ஆட்களுக்கான ஏற்பாடு என்று பல கல்லூரிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. கலைஞர்களுக்கும் அதில் இடம் உண்டு. 2023இல் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் வளாகத்தில் தங்கவைத்துக் கற்பிக்கச் செய்வதற்கென்றே தனி நெறிமுறையும் வந்தது.

இந்தக் கதவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. நடைமுறைப் பேராசிரியர் ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டு இருக்கலாம்; விதிவிலக்காக இன்னும் ஓர் ஆண்டு. அதற்கு மேல் முடியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே நான்காம் ஆண்டை யோசித்தாக வேண்டும். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவிலும் கல்விக் குழுவிலும் வைத்து இதை மதிப்பெண் உள்ள பாடமாக ஆக்குங்கள். விருப்பப் பாடம் ஆனாலும் பரவாயில்லை. முதல்வர் மாறினாலும் பாட எண் மாறாது. கூடவே கலைஞர் தன் குழுவிலிருந்து ஓர் இளைஞரை அழைத்துவரட்டும். அவருக்கும் சம்பளம் கொடுங்கள். அவர் பட்டம் முடிக்க உதவுங்கள். நான்காம் ஆண்டு முடிவில் பாடத்தை எடுக்கப்போகிறவர் அவர்தான்.

அடுத்தது காலம். வடமாவட்டங்களில் பாரதக் கூத்துக்கான காலம் பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி, ஆவணி வரை நீளும். அந்த மாதங்களில் கலைஞரை வளாகத்தில் உட்கார வைத்தால் அவருடைய ஊர்கள் கைவிட்டுப்போகும், வருமானமும் போகும். மழைக்காலத்தில்தான் குழுக்களுக்குக் கையில் வேலை இருக்காது. ஐப்பசியிலிருந்து தை வரை வகுப்பு வையுங்கள். கூத்துக் காலத்தில் மாணவர்களைக் களத்துக்கு அனுப்புங்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்ப்பதும் பாடத்தின் பகுதிதான். இது செலவில்லாத சிறு மாற்றம். ஆனால் கலைஞரின் வாழ்க்கையை நடுவில் வைத்து அட்டவணை போடுகிறோமா, கல்லூரியின் வசதியை நடுவில் வைத்தா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கலை அமைப்பு, சபாவோ அறக்கட்டளையோ தமுஎகச போன்ற எழுத்தாளர், கலைஞர் இயக்கமோ, எதுவானாலும் அதற்கு வேறு வேலை இருக்கிறது. விடுமுறைப் பயிற்சி முகாம், வெளியூர் மேடை, உடையும் கிரீடமும் மத்தளமும் பழுதுபார்க்கும் செலவு, கலைஞருக்கு உடல்நிலை சரியில்லாத மாதத்துச் செலவு. கல்லூரிக் கணக்கில் இவற்றுக்குத் தலைப்பே இருக்காது. அதனால் அமைப்பைச் ‘சிறப்பு விருந்தினர்’ ஆக்காமல் செலவுப் பட்டியலில் ஒரு வரியை அவர்கள் பொறுப்பில் விடுங்கள்.

ஒலி, ஒளிப்பதிவைப் பற்றியும் எழுத்தில் இருக்க வேண்டும். செல்போன் காலத்தில் எல்லா வகுப்பும் பதிவாகிவிடும். நம் பதிப்புரிமைச் சட்டப்படி நிகழ்த்துநருக்குத் தன் நிகழ்த்துதல் மீது 50 ஆண்டு உரிமை இருக்கிறது. பெரும்பாலான கலைஞர்களுக்கு இதை யாரும் சொன்னதில்லை. பதிவு எங்கே இருக்கும், யார் கேட்கலாம், யூட்டியூபில் போடலாமா, பணம் வந்தால் யாருக்கு என்று நான்கு வரி, அவருக்குப் புரியும் தமிழில், அவரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

பாடத்தை எப்படிச் சொல்லித்தருவது என்பதைக் கலைஞரிடம் விட்டுவிடுங்கள். முதல் பருவத்தில் அடவு மட்டும் என்று அவர் சொன்னால் அடவு மட்டும்தான். தேர்வுத் தாள் வேண்டும் என்று அலுவலகம் கேட்கும். செய்முறைத் தேர்வுக்கு விதியில் இடம் இருக்கிறது.

நீங்கள் உடனே செய்யக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் வட்டாரத்தில் கற்பிக்க விருப்பமுள்ள கலைஞர் ஒருவரை வீட்டில் போய்ப் பாருங்கள். எந்த மாதங்களில் அவர் கை ஓய்ந்திருக்கும், யாரைத் தன் அடுத்த ஆளாக நினைக்கிறார் என்ற இரண்டை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் முதல் வரைவு அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள்.